ஆய்வகத்துக்கும் மருந்துக்கும் நடுவே: முதல் பணம் யாருக்குக் கடன்பட்டது?

ஒரு நொதியைத் தடுத்தால் எலியின் கட்டி சுருங்குகிறது என்று ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் கண்டறிந்து வெளியிடுகிறது. அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரையை ஒரு மருத்துவர் சீட்டில் எழுதும் நாள் வர, எல்லாம் நல்லபடி நடந்தாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அந்தப் பாதையின் தொடக்கத்தில் செய்ய வேண்டிய வேலைகள் கவர்ச்சியற்றவை. அதே சோதனையை வேறொருவர் செய்தாலும் அதே முடிவு வருகிறதா, மூலக்கூறு இரத்தத்தில் எத்தனை மணி நேரம் தங்குகிறது, கல்லீரலைக் கெடுக்கிறதா, குடுவையில் சில மில்லிகிராம் செய்ய முடிந்ததைக் கிலோக் கணக்கில் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். இவற்றை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் பெயர்பெற்ற ஆய்விதழில் கட்டுரை வராது. கட்டுரை வராவிட்டால் பதவி உயர்வும் இல்லை. அடிப்படை அறிவியலுக்கு மானியம் தரும் குழு, இதில் புதிதாக எதுவும் இல்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிடும். மருந்து நிறுவனம், இது இன்னும் முதிரவில்லை என்று சொல்லிவிடும். இரண்டு தரப்பும் கைவிட்ட இந்த இடைவெளிக்குத் துறையினர் வைத்திருக்கும் பெயர் 'மரணப் பள்ளத்தாக்கு'.

பள்ளத்தாக்கு எவ்வளவு ஆழம் என்பதற்கு 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நல்ல சான்று. 1979-க்கும் 1983-க்கும் இடையில் முன்னணி அடிப்படை அறிவியல் இதழ்களில், விரைவில் சிகிச்சையாகப் பயன்படும் என்று தெளிவாக நம்பிக்கை தெரிவித்த 101 கட்டுரைகளை ஜான் அயொனிடிஸ் உள்ளிட்ட குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவற்றில் 27 மட்டுமே முறையான மனிதச் சோதனை வரை வந்திருந்தன. ஐந்து, மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்றிருந்தன. பரவலான பயன்பாட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. மீதி எல்லாம் பணமில்லாமல் நின்றவை என்று சொல்லிவிட முடியாது. பல கண்டுபிடிப்புகள் முதலிலேயே அவ்வளவு உறுதியானவை அல்ல. 2012-இல் ஆம்ஜென் நிறுவனம், புற்றுநோய் ஆய்வில் மைல்கற்களாகக் கருதப்பட்ட 53 கட்டுரைகளின் முடிவுகளைத் தன் ஆய்வகத்தில் திரும்பப் பெற முயன்று, ஆறில் மட்டுமே வெற்றி கண்டதாக அறிவித்தது.

ஆகவே இந்தக் கட்டத்தில் செலவிடப்படும் பணம் மருந்தை வாங்குவதற்கு முன்னால் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வதற்கான பணம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2006-இல் டாரியா மொக்லி-ரோசன் தொடங்கிய 'ஸ்பார்க்' திட்டம் இதை ஓரளவு உணர்ந்து அமைக்கப்பட்டது. ஒரு திட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 50,000 டாலர், அதுவும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு. மருந்துத் தொழிலில் பல்லாண்டு இருந்தவர்கள் கூலி வாங்காமல் வந்து உட்கார்ந்து, எங்கே இடிக்கும் என்று பேராசிரியர்களுக்கு எடுத்துச் சொல்கிறார்கள். மருந்து உருவாக்கத்தின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இந்தத் தொகை ஒன்றுமே இல்லை. ஹார்வர்ட் முதலிய பல்கலைக்கழகங்களும் இதே நோக்கில் தம் நிதிகளை வைத்திருக்கின்றன. அமெரிக்க அரசு 2011 இறுதியில் தேசிய நலவாழ்வுக் கழகங்களுக்குள் இதற்கென்றே தனி மையம் ஒன்றை ஏற்படுத்தியது. இந்தியாவில் 2012-இல் அமைந்த பைராக் என்னும் அரசு நிறுவனம் ஆரம்பநிலை உயிரித் தொழில்நுட்ப முயற்சிகளுக்குக் கைகொடுக்கிறது.

இந்த நிதிகளைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் கணக்குப்பிள்ளை விவாதமாகவே நடக்கிறது: போட்டது எவ்வளவு, உரிமத்தொகையாகத் திரும்பி வந்தது எவ்வளவு. அடியில் கிடக்கும் கேள்வி வேறு. அறிவைத் தேடுவதற்கும் கற்பிப்பதற்கும் என்று சமூகம் ஒதுக்கிவைத்த ஒரு நிறுவனம், மருந்து செய்யும் வேலையில் இறங்கக் கடமைப்பட்டதா? கடமை உண்டென்றால் அது யாருக்கு: இன்று படுக்கையில் கிடப்பவருக்கா, இன்னும் நோயே வராத ஒருவருக்கா?

கடமை இல்லை என்போரின் வாதம் பழையது, வலுவானதும்கூட. ஜான் ஹென்றி நியூமன் 1852-இல் டப்ளினில் ஆற்றிய உரைகளில் அறிவு தனக்குத்தானே பயன் என்ற கொள்கையை முன்வைத்தார். பல்கலைக்கழகத்தின் பணி மனத்தைப் பண்படுத்துவது, பொருளை உற்பத்தி செய்வது அல்ல. 1942-இல் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் அறிவியலின் நெறிகளை வகுத்தபோது, கண்டறிந்ததைப் பொதுவில் வைப்பது அவற்றுள் ஒன்றாக இருந்தது. கண்டறிந்து வெளியிட்டதோடு அறிஞரின் கடன் முடிகிறது. எடுத்துப் பயன்படுத்துவது உலகத்தின் பொறுப்பு. பல்கலைக்கழகம் மருந்துக் கடை விரித்தால், எது உண்மை என்ற கேள்வியின் இடத்தில் எது விற்கும் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிடும் என்ற அச்சமும் இதற்குள் இருக்கிறது. அது வீண் அச்சம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னும் கூர்மையான வாதம் ஹான்ஸ் யோனாஸ் என்ற தத்துவவாதியுடையது. மனிதர்களை வைத்துச் செய்யும் சோதனைகளைப் பற்றி 1969-இல் எழுதிய கட்டுரையில் அவர் மருத்துவ முன்னேற்றத்தையே கேள்விக்கு உட்படுத்தினார். ஒரு கொள்ளைநோய் சமூகத்தையே அழிக்க வந்தால் அதைத் தடுப்பது கட்டாயக் கடமை. ஆனால் இதயநோயையோ புற்றுநோயையோ வெல்லும் முயற்சி மெதுவாக நடப்பதால் சமூகம் அழிந்துவிடாது. அந்தந்த நோயாளிக்கு அது பெருந்துயரம், அவ்வளவே. வருங்காலச் சந்ததிக்குச் சூறையாடப்படாத உலகத்தை விட்டுச்செல்ல நாம் கடமைப்பட்டவர்கள். அற்புத மருந்துகளை விட்டுச்செல்ல அல்ல. முன்னேற்றம் விரும்பி ஏற்கும் இலக்கு, தீர்க்க வேண்டிய கடன் அன்று என்பது யோனாஸின் முடிவு. இந்த வாதம் காதுக்குக் கொடூரமாக ஒலித்தாலும், அதற்குள் ஓர் இரக்கம் உண்டு. வருங்கால நன்மை என்ற பெயரில் இன்றைய நோயாளியின் உடலைக் கருவியாக்கக் கூடாது என்பதே அவருடைய கவலை.

ஆனால் யோனாஸின் வாதம் இன்னும் எதையும் தொடங்காதவருக்கே முழுமையாகப் பொருந்தும். இன்றைய பல்கலைக்கழகம் அந்த நிலையில் இல்லை. பொதுப்பணத்தில் ஆய்வு நடத்துகிறது. கிடைத்த முடிவுக்குக் காப்புரிமை கோருகிறது. காப்புரிமை என்பது பிறர் உள்ளே வரக் கூடாது என்று போடும் வேலி. வேலி போட்டவர் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, பயிரிடுவது என் வேலை அல்ல என்று சொல்ல முடியாது. நியூமனின் பல்கலைக்கழகம் கடமையிலிருந்து விலகி நிற்கலாம், ஏனெனில் அது எதையும் தன்னுடையது என்று கேட்கவில்லை. கேட்ட பல்கலைக்கழகத்துக்குக் கேட்ட அளவுக்குக் கடன் உண்டு. அறிவிலிருந்து பிறக்காத இந்தக் கடன், உடைமையிலிருந்து பிறக்கிறது.

கடன் யாருக்கு என்பது இதைவிடச் சிக்கலானது. பல மருத்துவப் பல்கலைக்கழகங்களுக்குச் சொந்த மருத்துவமனை உண்டு. ஆய்வுநிதிக்கு ஒதுக்கும் தொகையில் அங்கேயே கட்டணம் கட்ட முடியாத நோயாளிகளுக்கு டயாலிசிஸ் செய்யலாம். அவர்களுக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, வெளியே பெஞ்சில் காத்திருக்கும் குடும்பம் உண்டு. பதினைந்து ஆண்டு கழித்துப் பிழைக்கப்போகிறவருக்கு இவை எதுவும் இல்லை. அவர் ஒரு நிகழ்தகவு. பெயருள்ள உயிருக்கும் புள்ளிவிவர உயிருக்கும் மனிதர்கள் காட்டும் இந்த வேறுபாட்டைப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1968-இல் எடுத்துக்காட்டினார். கண்ணெதிரே சாகக் கிடப்பவரை என்ன செலவானாலும் காப்பாற்றத் துடிக்கும் உந்துதலுக்கு ஆல்பர்ட் ஜான்சன் 1986-இல் 'மீட்பு விதி' என்று பெயரிட்டார்.

மீட்பு விதியை எல்லை வரை கொண்டுபோனால் எந்த ஆய்வும் நடக்காது. இன்றைய நோயாளிகள் ஒருபோதும் தீர்ந்துபோவதில்லை. எதிர்த்திசையில் கணக்கை மட்டும் பார்த்தால், வருங்காலத்தின் எண்ணற்ற உயிர்களுக்கு முன்னால் இன்றைய ஒருவர் எப்போதும் தோற்பார். இரண்டுக்கும் நடுவே ஓர் ஒப்பந்தப் பார்வை உண்டு. ஒவ்வொருவரும் தம் வாழ்நாள் முழுவதையும் எண்ணிப் பார்த்தால், முன்னோர் காலத்து ஆய்வால் இன்று நன்மை பெறுகிறோம், ஆகவே பின்வருவோருக்காகச் சிறிது விட்டுக்கொடுப்பது நியாயம் என்று ஒப்புக்கொள்வார்கள். தலைமுறைகளுக்கு இடையே ஓடும் கடன் இது.

இந்தப் பார்வைக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அதைப் பலரும் கவனிப்பதில்லை. வருங்கால நோயாளி என்று ஒரே ஆள் இல்லை. மருந்து வந்தபின் அதை வாங்கக் கூடியவர் ஒருவர், வாங்க முடியாதவர் இன்னொருவர். இன்று டயாலிசிஸ் கிடைக்காத ஏழைக்கும், நாளை மருந்து வாங்க முடியாத ஏழைக்கும் நடுவில் போட்ட ஒப்பந்தமாக அது முடிந்தால், பயன்பெறுபவர் மூன்றாவது ஆள். இன்றைய ஏழையின் பங்கை எடுத்து நாளைய பணக்காரருக்குக் கொடுப்பதை நியாயப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆகவே ஆரம்பநிலை நிதி அறத்தோடு பொருந்துமா என்ற கேள்வி, அந்த நிதியோடு என்ன நிபந்தனை சேர்ந்து போகிறது என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. நிபந்தனை போடக்கூடிய நேரமும் அதுதான். மருந்தின் மதிப்பு யாருக்கும் தெரியாதபோது யாரும் பெரிதாகப் பேரம் பேசுவதில்லை. மதிப்பு தெரிந்தபின் நிபந்தனை போடும் வலிமை பல்கலைக்கழகத்திடம் இருப்பதில்லை.

இதைத் தெளிவாக உணர்ந்து நடந்த ஒரு பல்கலைக்கழகம் டொரான்டோ. 1920 நவம்பரில் ஃபிரெடெரிக் பாண்டிங் என்ற இளம் அறுவை மருத்துவர், கணையத்திலிருந்து சர்க்கரை நோய்க்கு மருந்தெடுக்கும் யோசனையோடு உடலியல் பேராசிரியர் மக்லியோடைப் பார்க்க வந்தார். மக்லியோடுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் அடுத்த ஆண்டு மே மாதம் ஓர் ஆய்வகத்தையும் சில நாய்களையும், உதவிக்குச் சார்ல்ஸ் பெஸ்ட் என்ற இளைஞரையும் கொடுத்தார். பாண்டிங்குக்குத் தொடக்கத்தில் சம்பளம் இல்லை; காரை விற்றுச் செலவைச் சமாளித்தார். இன்றைய மொழியில் சொன்னால், ஆரம்பநிலை நிதி என்பது அந்த ஆய்வகமும் நாய்களும்தான். ஆண்டு இறுதியில் உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் குழுவில் சேர்ந்தார்.

1922 ஜனவரி 11 அன்று டொரான்டோ பொது மருத்துவமனையில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பாண்டிங்கும் பெஸ்டும் தயாரித்த சாறு ஊசியாகப் போடப்பட்டது. அவன் எலும்பும் தோலுமாக இருந்தான். சர்க்கரை சற்றே இறங்கியது. ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. நிறுத்திவிட்டார்கள். காலிப் இரவு பகலாக உட்கார்ந்து, ஆல்கஹாலின் செறிவைப் படிப்படியாக ஏற்றி, எந்த அளவில் மருந்து மட்டும் கீழே படிகிறது என்று கண்டுபிடித்தார். 23-ஆம் தேதி அந்தச் சுத்தமான சாறு, அதாவது இன்சுலின், போடப்பட்டபோது, சிறுவனின் இரத்தச் சர்க்கரை 520-இலிருந்து 120-க்கு இறங்கியது.

கதை இங்கே முடிந்ததாகவே பலரும் எழுதுவார்கள். மரணப் பள்ளத்தாக்கு இதற்குப் பிறகுதான் தொடங்கியது. இரண்டே நாளில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. டிஃப்தீரியா எதிர்நஞ்சை அடக்கவிலையில் தயாரித்துக்கொடுத்து வந்த, பல்கலைக்கழகத்தின் சொந்த அமைப்பான கானாட் ஆய்வகம், உற்பத்திக்கு இடமும் பணமும் தரும். பதிலுக்கு ஆய்வாளர்கள் நால்வரும் தனியாகக் காப்புரிமை கோரவோ நிறுவனங்களோடு பேரம் பேசவோ கூடாது. பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியதும் மருந்து வரவில்லை. சிறிய குடுவையில் வந்தது பெரிய கலத்தில் வீரியமிழந்தது. பிறகு சிறிய குடுவையிலும் வராமல்போனது. காலிப் தாமே கண்டுபிடித்த செய்முறை அவர் கைக்கே பிடிபடவில்லை. அந்த வசந்தகாலம் முழுவதும் மருந்துக்காகக் காத்திருந்த குடும்பங்களுக்குக் கொடுக்க எதுவும் இல்லை. சாற்றை வற்றவைக்கும் வெப்பத்தையும் கரைப்பானையும் மாற்றிமாற்றிப் பார்த்து, மே மாதத்தில்தான் மீண்டும் மருந்து கிடைத்தது. இந்த மூன்று நான்கு மாத வேலைக்கு நோபல் பரிசு கிடையாது. அது இல்லாவிட்டால் 1923-இல் கிடைத்த நோபல் பரிசுக்குப் பொருளும் கிடையாது.

மே 30 அன்று எலை லில்லி நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. அமெரிக்காவில் ஓராண்டு சோதனைக்காலத்துக்கு அதற்குத் தனியுரிமை. பிறகு தகுதியுள்ள மற்றவர்களும் தயாரிக்கலாம். பிரிட்டனுக்கான உரிமையை அந்நாட்டு மருத்துவ ஆய்வு மன்றத்திடம் ஒப்படைத்தார்கள். பாண்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் தங்கள் காப்புரிமையை 1923 ஜனவரியில் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். மருத்துவர் மருந்தைத் தனதாக்கிக்கொள்வது தொழிலறத்துக்குப் பொருந்தாது என்று பாண்டிங் தொடக்கத்தில் தம் பெயரைச் சேர்க்கவே தயங்கினார். அப்படியிருக்கக் காப்புரிமை எதற்கு? வேறொருவர் அதை எடுத்து மற்றவர்களை விலக்காமல் இருக்கவும், உரிமம் பெற்றவர் எவரும் வீரியமில்லாத சரக்கை இன்சுலின் என்று விற்காமல் இருக்கவும். பல்கலைக்கழகத்தின் இன்சுலின் குழு உற்பத்தியாளர்களின் சரக்கைச் சோதித்தது. ஒரு டாலர் என்பதை மட்டும் தியாகக் கதையாகச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். டொரான்டோ வேலியைப் பிடுங்கி எறியவில்லை. வேலியின் சாவியைத் தன் கையில் வைத்துக்கொண்டது.

இந்த நிபந்தனைக்கும் எல்லை உண்டு. 1982-இல் மரபணுப் பொறியியல் இன்சுலினும் 1990-களில் மாற்றியமைத்த இன்சுலின்களும் வந்தன. அவை புதிய கண்டுபிடிப்புகள். பழைய நிபந்தனை அவற்றைக் கட்டுப்படுத்தவில்லை. அமெரிக்காவில் விலை ஏறிக்கொண்டே போய், 2023-இல்தான் மூன்று பெரிய நிறுவனங்களும் விலைக்குறைப்பை அறிவித்தன. ஒரு தலைமுறையின் நல்லெண்ணம் அடுத்த தலைமுறையின் பொருளுக்குத் தானாக ஒட்டிக்கொள்வதில்லை.

சாவி பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தாலே போதும் என்றும் எண்ண வேண்டாம். டொரான்டோவை அடுத்த சில ஆண்டுகளிலேயே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஸ்டீன்பாக், புற ஊதாக் கதிர் படும் உணவில் வைட்டமின் டி உண்டாவதைக் கண்டறிந்தார். குழந்தைகளின் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோய்க்கு அது மருந்து. காப்புரிமையை நிர்வகிக்க 1925-இல் பழைய மாணவர்கள் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். வருமானம் ஆய்வுக்கே போனது. ஆனால் விஸ்கான்சின் பால்பண்ணை மாநிலம். வெண்ணெய்க்குப் போட்டியான மார்கரினுக்கு அந்த அறக்கட்டளை உரிமம் தர மறுத்தது. ஏழை வீட்டில் ரொட்டியில் தடவுவது மார்கரின். ரிக்கெட்ஸ் அதிகம் வருவதும் ஏழைக் குழந்தைகளுக்கு. 1940-களில் காப்புரிமை வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனபோது நீதிமன்றம் இந்த மறுப்பைக் கடுமையாகக் குறிப்பிட்டது. காப்புரிமையும் செல்லாது என்று முடிந்தது. பல்கலைக்கழகத்தின் நலனையும் பொதுநலனையும் ஒன்றாகவே எண்ணிவிடும் பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

எதையும் உரிமை கொண்டாடாமல் இருப்பதும் எளிய தீர்வாக அமையவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் போர்க்காலத்தில் பெனிசிலினை மருந்தாக்கினார்கள். பூஞ்சை வளர்க்கப் பாத்திரம் இல்லாமல் மருத்துவமனைப் படுக்கைக் கலங்களைப் பயன்படுத்தினார்கள். 1941 பிப்ரவரியில் நோய்த்தொற்றுக்காக முதலில் மருந்து பெற்ற காவலரின் சிறுநீரிலிருந்து பெனிசிலினை மீட்டு, அவருக்கே திரும்பப் போட்டார்கள். அப்படியும் மருந்து தீர்ந்து அவர் இறந்தார். காப்புரிமை எடுக்க வேண்டும் என்று செயின் வற்புறுத்தினார். மருத்துவ அறத்துக்கு ஒவ்வாது என்று மருத்துவ ஆய்வு மன்றத்தின் செயலர் மெல்லன்பி போன்றோர் மறுத்துவிட்டார்கள். பெருமளவு உற்பத்தி முறைகள் அமெரிக்காவில் உருவாகி அங்கே காப்புரிமை பெற்றன. அந்த மனக்குறையும் ஒரு காரணமாக, 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பிரிட்டன் தேசிய ஆய்வு வளர்ச்சிக் கழகத்தை உருவாக்கியது. கைவிடப்பட்ட உரிமை எல்லாருக்கும் பொதுவாகிவிடும் என்று செயினின் எதிர்ப்பாளர்கள் நம்பினார்கள். அடுத்து வந்தவர் அதன்மேல் தம் வேலியைப் போட்டுக்கொண்டார்.

1980 இறுதியில் அமெரிக்கா நிறைவேற்றிய பேய்-டோல் சட்டம், அரசுப் பணத்தில் கண்டறிந்தவற்றின் உரிமையைப் பல்கலைக்கழகங்களே வைத்துக்கொள்ள வழிவிட்டது. அரசு அலமாரியில் காப்புரிமைகள் பயனின்றித் தூங்குகின்றன என்பது அதற்குச் சொன்ன காரணம், பொய்யும் இல்லை. பொதுநலனுக்குத் தேவைப்பட்டால் அரசு தலையிட்டு வேறொருவருக்கு உரிமம் கொடுக்கலாம் என்ற விதியும் சட்டத்தில் இருக்கிறது. விலை அதிகம் என்று சொல்லி அந்த விதியைப் பயன்படுத்தக் கோரிய விண்ணப்பங்கள் எதுவும் வெற்றி பெறவில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பிறந்த எக்ஸ்டாண்டி என்ற புராஸ்டேட் புற்றுநோய் மருந்துக்கான விண்ணப்பத்தை 2023-இல் தேசிய நலவாழ்வுக் கழகங்கள் நிராகரித்தன. கடைசியில் பயன்படும் என்று வைத்த ஆயுதம் உறையிலேயே இருக்கிறது.

நிபந்தனையைத் தாமதமாகத் தேடினால் என்ன ஆகும் என்பதை யேல் பல்கலைக்கழகம் 2001-இல் அனுபவித்தது. ஸ்டாவுடின் என்ற மூலக்கூறு 1960-களில் டெட்ராய்ட்டில், அரசுப் பணத்தில், புற்றுநோய்க்கென்று செய்யப்பட்டுப் பயனற்றதென்று கிடந்தது. அது எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்று யேலில் வில்லியம் புரூசாஃபும் டாய்-ஷுன் லின்னும் கண்டறிந்தார்கள். யேல் காப்புரிமை எடுத்து, பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்துக்குத் தனியுரிமம் கொடுத்தது. 1994-இல் மருந்து சந்தைக்கு வந்தது. யேலுக்கு அதிலிருந்து கணிசமான உரிமத்தொகை கிடைத்தது. 2001 தொடக்கத்தில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு, தென்னாப்பிரிக்காவில் மலிவுவிலைப் பதிப்பை அனுமதிக்கும்படி யேலுக்கு எழுதியது. தனியுரிமம் கொடுத்தாகிவிட்டது, இனி நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும் என்பதே பல்கலைக்கழகத்தின் முதல் பதில். சட்டப்படி அது சரி. மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புரூசாஃபே, தம் மருந்து ஏழைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று செய்தித்தாளில் எழுதினார். மார்ச் மாதத்தில் நிறுவனம் தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்த மாட்டோம் என்று அறிவித்தது. முடிவு நல்லதே. ஆனால் அதைக் கொண்டுவந்தது ஒப்பந்தத்தின் எந்த வரியும் அல்ல, வெட்கமும் கூச்சலும். ஆண்டுதோறும் கையெழுத்தாகும் உரிம ஒப்பந்தங்கள் அனைத்துக்கும் மாணவர் கிளர்ச்சியை நம்பியிருக்க முடியாது. அந்த மாணவர்களும் இதைப் புரிந்துகொண்டதால்தான், ஏழை நாடுகளுக்கான நிபந்தனையை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதக் கோரும் பல்கலைக்கழக மாணவர் அமைப்பு அதைத் தொடர்ந்து பிறந்தது.

உரிமையாளரான பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு இக்கட்டும் உண்டு. மருந்தின் பங்குதாரர், சோதனையை நடத்துபவர், சோதனைக்கு உட்படுபவரின் காவலர் என்ற மூன்று வேடங்களும் ஒரே மேடையில் ஒருவருக்கே வந்துவிடுகின்றன. 1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மரபணு சிகிச்சைச் சோதனையில் 18 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். அவருடைய பிறவிநோய் உணவாலும் மருந்தாலும் ஓரளவு கட்டுக்குள் இருந்தது. சோதனை அவரைக் குணப்படுத்த நடந்ததும் அல்ல. பிற்காலத்தில் அந்த நோயோடு பிறக்கப்போகும் குழந்தைகளுக்காக அவர் முன்வந்திருந்தார். சோதனைக்குப் பொறுப்பான பேராசிரியர் தொடங்கிய நிறுவனத்தில் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு இருந்தது பிறகு பெரும் விவாதமானது. பணம் ஆய்வாளர்களின் முடிவுகளைக் கெடுத்தது என்று நிறுவுவது கடினம். கெடுக்கவில்லை என்று அந்தக் குடும்பம் நம்பக் காரணமில்லாமல் போனது என்பதே போதுமான தீங்கு. யோனாஸ் முப்பது ஆண்டுகளுக்கு முன் எச்சரித்தது இந்த இடத்தைப் பற்றித்தான்.

இந்தியாவில் இந்தக் கேள்விகள் அனைத்தும் ஒருசேர எழுந்த இடம் ரோட்டாவேக் என்ற சொட்டுமருந்துத் தடுப்பூசி. 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த சில குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் தொற்றியும் வயிற்றுப்போக்கு வரவில்லை. பிறகும் கடும் நோய் வராமல் அவர்கள் தப்பினார்கள். எம்.கே. பான் குழுவினர் அந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 116E என்பது அதன் பெயர். நோயுண்டாக்காமல் காப்பு மட்டும் தரும் ஒரு வைரஸ் இயற்கையிலேயே கிடைத்தும், அது தடுப்பூசியாக முப்பது ஆண்டுகள் பிடித்தன. இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, அமெரிக்க ஆய்வு அமைப்புகள், அறக்கட்டளைகள், பாரத் பயோடெக் நிறுவனம் என்று பலர் சேர்ந்து இழுத்த தேர் அது. ஒரு தவணை ஒரு டாலர் என்ற விலையைச் சோதனை முடியும் முன்பே நிறுவனம் உறுதியளித்திருந்தது. டொரான்டோவுக்குப் பின் இவ்வளவு முன்கூட்டியே விலை பேசப்பட்டது அபூர்வம்.

2011-இல் டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் இறுதிச் சோதனை தொடங்கியது. வேலூரில் நடத்தியது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. மூவரில் ஒருவருக்குப் பிளாசிபோ எனப்படும் வெற்று மருந்து. ரோட்டா தடுப்பூசியை எல்லா நாடுகளும் தர வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2009-இலேயே பரிந்துரைத்திருந்தது. இரண்டு வெளிநாட்டுத் தடுப்பூசிகள் இந்தியத் தனியார் மருத்துவமனைகளில் கிடைத்துக்கொண்டும் இருந்தன. காப்பு இருக்கும்போது ஒரு குழந்தைக்கு வெற்றுச் சொட்டைக் கொடுப்பது சரியா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அந்தக் குழந்தைகளின் பெற்றோரால் அவற்றை வாங்கியிருக்க முடியாது, அரசுத் திட்டத்திலும் அவை இல்லை, ஆகவே சோதனையால் அவர்கள் எதையும் இழக்கவில்லை என்று ஆதரவாளர்கள் வாதிட்டார்கள். வறுமையே வறியவரைச் சோதனைக்கு உட்படுத்தும் உரிமையாகிவிடுகிறதே என்பது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. முதல் வாதத்தைத் தாங்கி நிற்பது அந்த ஒரு டாலர் உறுதிமொழி மட்டுமே. பிறக்கும் தடுப்பூசி அதே தெருவுக்குத் திரும்பி வராது என்றிருந்தால், அந்த வாதம் சுரண்டலுக்குச் சொன்ன சாக்காகிவிடும்.

குழந்தையின் முதல் ஆண்டில் ரோட்டா வைரஸால் வரும் கடும் வயிற்றுப்போக்கைத் தடுப்பூசி ஏறத்தாழ 56 விழுக்காடு தடுத்தது. 2014-இல் உரிமம் கிடைத்தது. 2016-இல் நான்கு மாநிலங்களில் அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா தடுப்பூசி சேர்ந்தது. பிறகு தமிழ்நாடு உட்பட நாடு முழுவதும் பரவியது. சொட்டு மருந்தின் முதல் தவணையை ஒரு வயதுக்குள் கொடுத்தாக வேண்டும். வேலூரில் 2011-இல் வெற்று மருந்து பெற்ற குழந்தைகள், தடுப்பூசி வந்தபோது அந்த வயதைக் கடந்திருந்தார்கள். பலன் அவர்களுக்குப் பின் அதே வீடுகளில் பிறந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.